புகைக்கும் பழத்துக்கும் நடுவே

மருமகள் போனில் பேசியது காதில் விழுந்த நாளிலிருந்து மீசைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அடுத்த மாசத்துல இருந்து வந்துடறேன் சார். வீட்ல இன்னும் சொல்லல, நானே சொல்லிக்கிறேன்."

கொல்லைக் கதவோரம் நின்று அவள் அடங்கிய குரலில் சொன்னது அவ்வளவுதான். குளியலறைக்குள் முகம் துடைத்துக்கொண்டிருந்தவர் துண்டை வாயில் பொத்தியபடி அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் அவள் படியேறிப் போகும்வரை வெளியே வரவே இல்லை.

அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகனிடமாவது சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது மட்டும் அவருக்குச் சுலபமாக வந்தது. ஒரு வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

முன்புறம் சுருட்டுக் கடை, பின்புறம் தோல் நாற்காலிகள் போட்ட அறை, மாடியில் வீடு. அதுதான் அவருடைய மொத்த உலகம். வெளுத்த மீசையின் நடுவில் புகை படிந்து ஒரு மஞ்சள் கோடு விழுந்திருக்கும். அதை வைத்து யாரோ வாடிக்கையாளர் வைத்த பேர்தான் மீசைக்காரர். இப்போது தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கடை ஒரு காலத்தில் ஈயோட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவள் மருமகள். கல்யாணத்துக்கு முன் ஒரு விஸ்கி கம்பெனியில் முகர்ந்து பார்ப்பதுதான் அவள் வேலை. எந்தப் பீப்பாயில் ஆப்பிள் வாசனை, எதில் ஆரஞ்சுத் தோல், எதில் உலர்ந்த திராட்சை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "சுருட்டை மட்டும் ஏன் மாமா விக்கறீங்க? பக்கத்துல பொருத்தமா ஒரு கிளாஸ் வச்சுப் பாருங்க" என்றாள். பழவாசனை உள்ள விஸ்கிக்கு எந்தச் சுருட்டு ஒத்துப்போகும் என்று மாமனாரும் மருமகளும் உட்கார்ந்து பொருத்தம் பார்த்தார்கள். காரமான சுருட்டு பழத்தை விழுங்கிவிடும். மென்மையான சுருட்டை அடர்த்தியான விஸ்கி மூழ்கடித்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த ஜோடிகளுக்காக ஊருக்கு அப்பாலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அப்படிப்பட்டவள் போகிறாள். எவனோ போட்டிக் கடைக்காரன் கொத்திக்கொண்டு போகிறான். அவர் மனசுக்குள் எழுதிக்கொண்ட தீர்ப்பு இது.

அதுவும் எந்த நேரத்தில்? கடலோரம் ஒன்று, மலைமேல் ஒன்று, ஊருக்குள் ஒன்று என்று ஹோட்டல்கள் வைத்திருக்கும் அம்மாள் இன்றைக்கு மத்தியானம் வருகிறார். பிடித்துப்போனால் வாரந்தோறும் அவர் ஹோட்டல்களில் இவர்களுடைய ஜோடி விருந்து. மகன் விடிந்ததிலிருந்து தரையில் கால் பாவாமல் அலைந்துகொண்டிருந்தான்.

காலையில் சுருட்டுப் பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மருமகள் படியில் பாதிவரை இறங்கி வந்து நின்றாள். கொஞ்ச நாளாகவே அதற்குக் கீழே வருவதில்லை. வந்தாலும் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

"மாமா, அந்தக் கடைசிப் பெட்டியில ஈரம் ஏறியிருக்கு. வேற எடுங்களேன்."

மீசைக்காரர் பெட்டியைப் பார்த்தார். அது மூடியிருந்தது. திறந்து மூக்கை வைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அங்கருந்தே உனக்குத் தெரியுதாக்கும்" என்றார்.

குரலில் இருந்த முள் அவளுக்குக் குத்தியிருக்க வேண்டும். மேலே போய்விட்டாள். போகிறவளுக்கு இங்கே எல்லாமே குறையாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அவர் அந்தப் பெட்டியையே மேஜைமேல் வைத்தார்.

ஹோட்டல் அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். குள்ளமான உருவம், ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு வளர்க்காமல், "ஆரம்பிக்கலாமா?" என்றார். சுருட்டின் முனையை வெட்ட மகன் கத்தியை எடுத்தபோது அதை வாங்கித் தானே வெட்டினார். அடிப்பக்கத்தைத் தீக்குச்சியில் நிதானமாகச் சுற்றிக் காட்டிப் பற்றவைத்தார். பழக்கப்பட்ட கை என்று மீசைக்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது.

முதல் ஜோடி வெளிர் இலை சுற்றிய மென்மையான சுருட்டும் வைக்கோல் நிற விஸ்கியும். அந்த அம்மாள் ஒரு மடக்கு குடித்தார், ஒரு இழுப்பு இழுத்தார், மறுபடி குடித்தார்.

"பேரிக்காய்" என்றார். "நல்லாப் பழுத்தது. புகைக்கு அப்புறம்தான் தெரியுது."

மகன் மூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. மருமகள் திறந்த ஜன்னலோரம் நின்று, அந்த விஸ்கி உறங்கிய பீப்பாயைப் பற்றியும் பேரிக்காய் வாசனை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் முகத்தை அடிக்கடி வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். புகை அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் திரைச்சீலையோடு ஒட்டிக்கொண்டாள்.

இரண்டாவது ஜோடிக்கு மகன் ஆரஞ்சும் தேனும் மணக்கும் விஸ்கியை ஊற்றினான். ஹோட்டல் அம்மாள் கிளாஸைத் தொடவில்லை.

"நீங்க எடுத்துக்கலையா?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் சிரித்து மழுப்பினாள். அந்த அம்மாள் விடுவதாக இல்லை. முன்பு ஒருதரம் தன் சமையலைத் தானே சாப்பிடாத ஒரு சமையல்காரனை வேலைக்கு வைத்து, பாதி விருந்தாளிகளை மருத்துவமனைக்கு அனுப்பிய கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"ஜோடி சேர்த்தவங்க குடிக்கட்டும். அப்புறம் நான் குடிக்கிறேன்."

மகனுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இன்னொரு கிளாஸில் ஊற்றி, முகமெல்லாம் பல்லாக, மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றுவிட்டது.

அவள் மாமனாரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். ஒரு தடவை மருத்துவமனை வராந்தாவில். இன்னொரு தடவை மாடியில், மகன் புதுசாக வர்ணம் அடித்த அறை வாசலில். இரண்டு தடவையும் வயிற்றில் நிற்காமல் போன பிள்ளைகள். இரண்டு தடவையும் அவள் அழவில்லை. ஏதோ கையிலிருந்து நழுவப்போவதைப் பார்க்கிற மாதிரி இப்படித்தான் பார்த்தாள்.

மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஈரம் அவளுக்குப் படியிலிருந்தே தெரிந்தது. மீசைக்காரருக்குச் சட்டென்று மாடியில் இருக்கும் தன் மனைவியின் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. மகனை வயிற்றில் சுமந்திருந்தபோது, சட்டைப்பையில் இருக்கும் புகையிலையைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்து, அதை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லி அவரை வாசலில் நிறுத்தியவள் அவள். அந்த மாதங்களில் அவளுடைய மூக்குக்குத் தப்பியது எதுவும் கிடையாது.

அவர் எழுந்தார். மருமகளின் கையிலிருந்த கிளாஸை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"நீ குடி" என்றார்.

"அப்பா, மேடம் அவளைத்தான்..."

"அவ இன்னைக்குக் குடிக்க மாட்டா மேடம். குடிச்சா நாக்கு ஒரு கட்சி, மூக்கு ஒரு கட்சின்னு ஆயிடும். இன்னைக்கு மூக்கு மட்டும் வேலை செய்யட்டும்னு நான்தான் சொன்னேன். நம்பிக்கைக்கு என் மகன் குடிப்பான். அவனுக்கு எதைக் குடுத்தாலும் நல்லா இருக்கும்பான், அது வேற விஷயம்."

பொய்தான். ஆனால் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்தது. மகன் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றான். ஹோட்டல் அம்மாள் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். தன் கிளாஸை எடுத்துக்கொண்டார்.

மீசைக்காரர் போகிறபோக்கில் மற்ற இரண்டு ஜன்னல்களையும் திறந்துவிட்டார். மருமகள் அதைக் கவனித்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவது ஜோடியில்தான் வினை வந்தது. பழைய திராட்சை மதுப் பீப்பாயில் உறங்கிய அடர்ந்த விஸ்கி. அத்திப்பழமும் உலர்ந்த திராட்சையும் மணக்கும். அதற்குக் கறுத்த இலைச் சுருட்டு. அவள் எடுக்க வேண்டாம் என்று சொன்ன அதே பெட்டி.

சுருட்டு ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அணைந்தது. ஹோட்டல் அம்மாள் மறுபடி பற்றவைத்தார். இரண்டு இழுப்புக்குப் பின் முகத்தைச் சுளித்தார்.

"கசக்குது. இதுக்கு அப்புறம் விஸ்கியில பழமே தெரியல. மரப்பட்டையைக் கடிச்ச மாதிரி இருக்கு."

மகன் தவித்துப்போய் அப்பாவைப் பார்த்தான். மீசைக்காரர் ஏதாவது சமாளித்திருக்கலாம். இன்றைக்கு அவருக்கு மனசு வரவில்லை.

"பெட்டியில ஈரம் ஏறிடுச்சு மேடம். இவ காலையிலயே சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கல." அப்புறம் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். "இப்ப என்னம்மா பண்ணலாம்?"

அவள் ஒரு நிமிஷம் வெளிக்காற்றை இழுத்து விட்டாள்.

"அதை வச்சுடுங்க மாமா. கறுப்பு இலை வேண்டாம். ரெண்டாவது அடுக்குல காப்பிக்கொட்டை நிறத்துல இருக்கே, அதை எடுங்க. விஸ்கியில சில சொட்டு தண்ணி விடச் சொல்லுங்க. உடனே குடிக்க வேண்டாம் மேடம், சுருட்டு கொஞ்சம் சூடாகட்டும்."

அவர் எடுத்தார். அந்த அம்மாள் வெட்டினார், பற்றவைத்தார். மகன் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். தெருவில் ஏதோ வண்டி பின்னோக்கி வந்து நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது. மருமகள் நின்ற இடத்திலிருந்தே மெல்ல முகர்ந்து, "இப்ப குடிச்சுப் பாருங்க" என்றாள்.

ஹோட்டல் அம்மாள் குடித்தார். புகையை வாயில் வைத்திருந்து விட்டார். மறுபடி குடித்தார். சுருட்டு பாதியாகும்வரை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அத்திப்பழ அல்வாவைப் புகையில சுத்திக் குடுத்த மாதிரி இருக்கு" என்றார் கடைசியில். "சரி, வச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. விருந்துக்கு யார் வேணா ஊத்தட்டும், யார் வேணா பத்த வைக்கட்டும். இந்தப் பொண்ணு ஒவ்வொரு வாரமும் விருந்து நடக்கற அறையில இருக்கணும். நான் இவங்க மூக்குக்குத்தான் ஒத்துக்கறேன்."

"கண்டிப்பா மேடம்" என்றான் மகன், மனைவியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே தெரியவில்லை. ஒப்பந்தத்தைக் கையோடு முடித்துவிடலாம் என்று அந்த அம்மாளின் காரிலேயே ஏறிப் போய்விட்டான்.

கொல்லையில் துணி உலர்த்தும் இடத்தில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். மீசைக்காரர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், வாயைக் கொப்பளித்தார், சட்டையையும் மாற்றிக்கொண்டு வந்தார். வந்தவர் பக்கத்தில் போகவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, தள்ளி நின்றார்.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை மாசம்மா?"

அவள் உலர்ந்த துணி ஒன்றை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"மூணு முடியப் போகுது மாமா. இவ்வளவு நாள் எதுவும் தங்கினதில்ல."

மெதுவாக, விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் அம்மா, குடி ஒரு சொட்டுக்கூடக் கூடாது, புகை இருக்கும் இடத்தில் நிற்கவே கூடாது என்று சொன்னது. புகைக் கடைக்கு மேலேயே வீடு என்று டாக்டரிடம் சொல்ல இவளுக்கு வாய் வராதது. ஒரு பழச்சாறு கம்பெனியில் வாசனை பார்க்க ஆள் கேட்டது, அடுத்த மாசம் வருவதாக இவள் போனில் ஒத்துக்கொண்டது. கணவனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. முதல் தடவை அவன் அறைக்கு வர்ணம் அடித்தான். இரண்டாவது தடவை தொட்டில் வாங்கினான். அந்தத் தொட்டில் பரண்மேல் இருக்கிறது. அதை இறக்கவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

"நான்கூட தாங்கிடுவேன் மாமா. அவர் மறுபடி ஒரு தடவை தாங்க மாட்டார்."

"பழச்சாறு கம்பெனியா?" என்றார் மீசைக்காரர். "நான் எவனோ போட்டிக் கடைக்காரன் உன்னைத் தள்ளிக்கிட்டுப் போறான்னு நினைச்சு, ஒரு வாரமா அவனை மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் கிட்டே போய்த் தலையைத் தொட நினைத்தார். தன் விரல்களை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றார். எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். கேட்டுவிட்டார்.

"அந்த ரெண்டும்... என் புகையாலயாம்மா?"

அவள் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரைச் சமாதானப்படுத்த அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் பொய் சொல்லவில்லை.

"அது யாராலயும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க மாமா. நானும் கேக்கறத விட்டுட்டேன். இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை நாளும் வாயைத் திறக்கல. நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

மீசைக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், அவள் புருஷனிடம் தானே சொல்லிவிடவா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அது அவள் சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்கும் பட்டது.

மாடிக்குப் போனபோது மனைவி அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று, அவளுடைய தங்கையின் வீடு காலியாகத்தானே கிடக்கிறது, நாளைக்கே நாலு சாமானைக் கட்டிக்கொண்டு எல்லோரும் அங்கே போய்விடலாம் என்றார்.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு?"

"மாடிக்குப் புகை வருது."

"ஏங்க, நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து வராத புகை இன்னைக்குத்தான் வருதா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மாற்றியிருந்த சட்டையைப் பார்த்தாள். சிவந்திருந்த கண்ணைப் பார்த்தாள். பெரிய பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, இழுத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மகன் திரும்பி வந்துவிட்டான். கையில் ஒப்பந்தக் காகிதம். கடைக்குள் நுழையும்போதே, முதல் விருந்து வருகிற வாரமே என்றும், கடலோர ஹோட்டலில் அவர்களுக்குத் தனி அறை தருகிறார்கள் என்றும், ஜன்னல் இல்லாத அறையாம், ஒரு பிசிறு புகைகூட வெளியே போகாதாம் என்றும் கொட்டித் தீர்த்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டார் அப்பா.

"உங்க பேருக்கும் அவ பேருக்கும் சேர்த்துத்தான்பா. ஏன், என்ன?"

மருமகள் கொல்லைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து கடை வாசலில் நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள் புருஷனிடம்.

"நீ உள்ள வாயேன், இதைப் பாரு."

"நீங்க வாங்க."

அவன் காகிதத்தை ஆட்டிக்கொண்டே போனான். இருவரும் தெருவைக் கடந்து எதிர் நடைபாதைக்குப் போனார்கள். மூடியிருந்த தையல் கடை வாசலில் நின்றார்கள். மீசைக்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கக் கூடாது என்று தெரியும், கால் நகரவில்லை.

அவள் பேசினாள். அவன் சிரித்தபடி கேட்டான். பிறகு சிரிப்பு அப்படியே முகத்தில் மறந்துபோன மாதிரி நின்றது. அவன் அவளுடைய இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டான். அவள் இன்னும் பேசினாள். நிறையப் பேசினாள். ஒரு கட்டத்தில் கையை நீட்டிக் கடையைக் காட்டினாள். அப்புறம் மாடியைக் காட்டினாள்.

மகனின் கைகள் அவள் தோளிலிருந்து இறங்கின.

அவன் திரும்பிக் கடையைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தான். அது கோபமா, துக்கமா, அல்லது அவரே கொல்லையில் கேட்ட அதே கேள்வியா என்று இத்தனை தூரத்தில் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் அவன் கையைப் பிடித்து ஏதோ சொல்லித் தடுத்தாள். அவன் அவளை மெதுவாக விலக்கி, அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, தனியாகத் தெருவில் இறங்கினான்.

மீசைக்காரர் கதவைத் தானே திறந்து வைத்துக்கொண்டு, அவன் வருவதற்காகக் காத்து நின்றார்.